கோடில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து வேலை பார்க்க: எடிட்டர் பிளகின்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீளமான கோப்பில் ஒரு ஃபங்ஷனை மட்டும் கண்முன் நிறுத்தி வேலை செய்ய விம், நியோவிம், ஈமேக்ஸ், விஎஸ் கோட், ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்கள் என்னென்ன வழி வைத்திருக்கின்றன, எங்கே காலை வாருகின்றன என்பது பற்றிய பக்கம் இது. விஎஸ் கோட், ஜெட்பிரெய்ன்ஸ் விசைகள் விண்டோஸ், லினக்ஸுக்கானவை. மேக்கில் பெரும்பாலும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் வரும்.

"ஃபோகஸ்" என்று பெயர் போட்ட பிளகின்கள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

இல்லை. பாதிக் குழப்பம் இந்தப் பெயரால்தான் வருகிறது. இவற்றில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம் சுற்றியுள்ள வரிகளை மங்கலாக்கும், அல்லது பக்கப் பட்டிகளை ஒளித்துவிடும்: லைம்லைட், டுவைலைட், கோயோ, விஎஸ் கோடின் ஜென் மோட் போன்றவை. இரண்டாவது ரகம் வேண்டாத வரிகளை மடித்து வைக்கும். எல்லா எடிட்டரிலும் இருக்கும் ஃபோல்டிங் இதுதான். மூன்றாவது ரகம் எல்லை கட்டும். அந்த எல்லைக்கு வெளியே தேடலும் போகாது, ரீப்ளேஸும் போகாது. ஈமேக்ஸின் நேரோயிங், விம்முக்கான நேரோ ரீஜன் பிளகின் இரண்டும் இந்த வகை.

முதல் இரண்டும் கண்ணுக்கு மட்டும். கட்டளைக்கு அவை ஒரு தடையே அல்ல. எதை நிறுவுவது என்று யோசிக்கும் முன் உங்களுக்குத் தேவை கண்ணுக்கு ஓய்வா, கட்டளைக்கு வேலியா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மடித்து வைத்த வரிகளில் ரீப்ளேஸ் கை வைக்காது அல்லவா?

தாராளமாக வைக்கும். விஎஸ் கோடில் எல்லாவற்றையும் மடித்துவிட்டு கண்ட்ரோல்+ஷிப்ட்+எல் அழுத்தினால், மடிப்புக்குள் இருக்கும் அதே சொல்லும் சேர்ந்துதான் தேர்வாகும். தட்டச்சு செய்வது அத்தனை இடத்திலும் விழும். ஸ்க்ரீனில் தெரியாததால் கமிட் போடும்போது டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) பார்த்துத்தான் தெரியவரும்.

விம்மில் இன்னும் ஒரு படி மேலே. மூடிய மடிப்பு ஒன்றின் மேல் கர்சரை வைத்து டிடி அடித்தால் அந்த ஒரு வரி மட்டும் போகாது, மடிப்பில் உள்ள அத்தனை வரியும் போகும். கோலன் (:) போட்டுத் தொடங்கும் கட்டளைகளும் அப்படித்தான்: கொடுத்த வரம்பு மூடிய மடிப்பைத் தொட்டால், மடிப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விம் தானாக விரித்துக்கொள்ளும். ஒரே வரிக்கு என்று நினைத்து அடித்த சப்ஸ்டிடியூட் (விம்மின் ரீப்ளேஸ் கட்டளை) நாற்பது வரியில் வேலை செய்வது இதனால்தான்.

ஆனால் விம்மிலேயே இதற்கு மாற்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஃபோல்ட்டூஓப்பன் என்ற கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும், மூடிய மடிப்புக்குள் இல்லாத வரிகளில் மட்டும் அது ஓடும். ஃபோல்ட்டூகுளோஸ்ட் நேர் எதிர். முன்னதோடு சப்ஸ்டிடியூட் கட்டளையை, கடைசியில் ஜி, ஈ என்ற இரண்டு கொடிகளுடன் கொடுங்கள். ஈ இல்லாவிட்டால் சொல் இல்லாத வரி ஒவ்வொன்றிலும் பிழைச் செய்தி வரும்.

மெயின்ஃப்ரேமில் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரைப் புழங்கியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எக்ஸ் ஆல் என்று எல்லா வரியையும் விலக்கி, ஃபைண்ட் ஆல் போட்டு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து, சேஞ்ச் கட்டளையின் முடிவில் என்எக்ஸ் சேர்த்தால் விலக்கப்படாத வரிகளில் மட்டும் மாற்றம் நடக்கும். இந்த விஷயத்தில் இன்றைய எடிட்டர்கள் பலவும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன.

ஈமேக்ஸில் நேரோயிங் எப்படிச் செய்வது?

பிளகின் எதுவும் வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. எல்லாக் கட்டளையும் கண்ட்ரோல்+எக்ஸ், அடுத்து என் என்று தொடங்கும். அதன்பின் மீண்டும் என் அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் நிற்கும். டி (d) அழுத்தினால் கர்சர் இருக்கும் ஃபங்ஷன் மட்டும். பி (p) அழுத்தினால் ஃபார்ம் ஃபீட் என்ற பக்கப் பிரிப்புக் குறிகளுக்கு இடைப்பட்ட பக்கம். டபிள்யூ அழுத்தினால் முழுக் கோப்பும் திரும்பும். குறிப்புகள் எழுதப் பயன்படும் ஆர்க் மோடில் எஸ் அழுத்தினால் ஒரு தலைப்பும் அதன் உட்பகுதிகளும், பி (b) அழுத்தினால் ஒரு பிளாக்.

முதல் தடவை என்-என் அழுத்தும்போது இந்தக் கட்டளை முடக்கப்பட்டுள்ளது என்று ஈமேக்ஸ் கேள்வி கேட்கும். விஷயம் தெரியாமல் அழுத்திவிட்டு கோடு அழிந்துவிட்டது என்று பதறுவார்கள் என்பதற்காக வைத்த பூட்டு அது. ஸ்பேஸ் தட்டினால் இந்த ஒரு தடவைக்கு மட்டும் திறக்கும். ஒய் தட்டினால் இனி கேட்காதபடி அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.

தினசரி வேலைக்கு டி-தான் கைகொடுக்கும். ஃபங்ஷனுக்கு மேலே உள்ள விளக்கக் கமெண்டும் உடன் வர வேண்டுமானால் நேரோ-டூ-டிஃபன்-இன்க்ளூட்-கமெண்ட்ஸ் என்ற மாறியை டி (t) என்று வைத்துவிடுங்கள்.

நேரோ செய்த நிலையில் சேவ் செய்தால் மற்ற வரிகள் போய்விடுமா?

போகாது. கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+எஸ் எப்போதும் பஃபர் (எடிட்டர் நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்பின் உள்ளடக்கம்) முழுவதையும்தான் எழுதும். நேரோயிங் என்பது எங்கிருந்து எங்கு வரை அணுகலாம் என்ற இரண்டு எல்லைப் புள்ளிகள் மட்டுமே. எழுத்து எதுவும் நகர்வதில்லை.

கோப்பு திடீரென்று குட்டையாகத் தெரிந்தால் முதலில் கீழே மோட் லைன் என்ற நிலைப் பட்டியைப் பாருங்கள். நேரோ என்ற சொல் அங்கே இருந்தால் கண்ட்ரோல்+எக்ஸ், என், டபிள்யூ. இல்லாத சொல்லைத் தேடித் தேடி அலுத்துப்போவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. கோப்பில் கண்ணால் பார்த்த சொல்லே தேடலில் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் எடுக்க மறந்த நேரோயிங்தான் காரணம்.

அன்டூ செய்தால் பிழை வருகிறது, வரி எண்களும் தப்பாக இருக்கின்றனவே?

அன்டூ பிழை: திருப்ப வேண்டிய மாற்றம் தெரியும் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்கிறது செய்தி. அன்டூ வரலாறு பஃபர் முழுவதற்கும் ஒன்றுதான். நேரோ செய்வதற்கு முன் வேறிடத்தில் செய்த மாற்றம் வரை பின்னோக்கிப் போனதும் ஈமேக்ஸ் நின்றுவிடுகிறது. இதை வசதி என்றே கொள்ளலாம்: இந்த ஃபங்ஷனில் செய்தது அத்தனையும் திரும்பிவிட்டது என்று பொருள். அதற்கும் பின்னால் போக வேண்டும் என்றால் எல்லையை எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

வரி எண்: இயல்பாக நேரோ செய்த பகுதியின் முதல் வரியே 1 ஆகக் காட்டப்படும். கம்பைலர் 412-ஆம் வரி என்று சொல்லும்போது உங்கள் ஸ்க்ரீனில் 1 முதல் 30 வரைதான் இருக்கும். டிஸ்ப்ளே-லைன்-நம்பர்ஸ்-வைடன் என்ற மாறியை டி (t) ஆக்கினால் கோப்பின் உண்மையான எண்ணே தெரியும். ஒரு தடவை மட்டும் தெரிந்தால் போதும் என்றால் வாட்-லைன் கட்டளை இரண்டு எண்ணையும் சொல்லும்.

ஒரு ஃபங்ஷனை நேரோ செய்து வைத்துக்கொண்டே மற்ற பகுதியையும் பார்க்க வேண்டும். முடியுமா?

முடியும். பஃபரை இரண்டாகப் பிரித்த ஜன்னல்களில் பார்த்தால் நடக்காது, ஏனென்றால் எல்லை ஜன்னலுக்கு அல்ல, பஃபருக்குச் சொந்தம். ஒன்றில் நேரோ செய்தால் மற்றதிலும் சுருங்கும். கண்ட்ரோல்+எக்ஸ், 4, சி அழுத்தி இண்டைரக்ட் பஃபர் ஒன்றை உருவாக்குங்கள். எழுத்து ஒன்றே, எல்லையும் கர்சரும் தனித்தனி. புதியதில் நேரோ செய்து எழுதினால் மாற்றம் மூலத்தில் உடனே தெரியும். சேவ் செய்தால் மூலக் கோப்புதான் எழுதப்படும். வேலை முடிந்ததும் இண்டைரக்ட் பஃபரை மட்டும் மூடுங்கள். மூலத்தை மூடினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

விம்மில் இதே வசதி எப்படி?

நேரோ ரீஜன் என்ற பிளகின் ஈமேக்ஸைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. விம்மில் பஃபருக்கு எல்லை கட்டும் வசதி கிடையாது. அதனால் தேர்ந்தெடுத்த வரிகளைப் புதிய ஜன்னலில், தனிப் பஃபராகப் பிரதி எடுக்கிறது. நீங்கள் திருத்துவது பிரதியை.

விஷுவல் மோடில் வரிகளைத் தேர்ந்து கோலன் அழுத்தினால் :'<,'> என்று தானாக வரும். அதன்பின் பெரிய எழுத்தில் என்ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஆச்சரியக்குறி சேர்த்தால் பிளவு ஜன்னல் இல்லாமல் அதே ஜன்னலில் திறக்கும். இந்தக் கட்டளை முழு வரிகளைத்தான் எடுக்கும். வரியின் நடுவிலிருந்து நடுவு வரை, அல்லது நெடுக்கு வாட்டத்தில் ஒரு பிளாக் வேண்டுமானால் என்ஆர்வி. சிதறிக் கிடக்கும் பல துண்டுகளை ஒரே ஜன்னலில் சேர்க்க, ஒவ்வொன்றையும் என்ஆர்பி (NRP) கொடுத்துக் குறித்துக்கொண்டு கடைசியில் என்ஆர்எம். ஒரே மாதிரியான மூன்று நான்கு கேஸ் பகுதிகளை ஒப்பிட்டுத் திருத்த இதைவிட வசதியானது இல்லை.

குறுகிய ஜன்னலில் டபிள்யூ கொடுத்தால் மாற்றம் மூலப் பஃபருக்குப் போகும், வட்டுக்கு அல்ல. மூலப் பஃபரில் தனியாக ஒரு டபிள்யூ கொடுத்தால்தான் கோப்பு எழுதப்படும். டெஸ்ட் ஓட்டிப் பார்த்து மாற்றமே நடக்கவில்லையே என்று குழம்புபவர்கள் இந்த இரண்டாவது டபிள்யூ-வை விட்டவர்கள்.

நேரோ ரீஜன் ஜன்னலை மூடிய பின் மூலக் கோப்பில் எழுத முடியவில்லை. ஈ21 என்று வருகிறது.

பிரதி திறந்திருக்கும்போது மூலத்தில் யாரும் கை வைக்காமல் இருக்க, பிளகின் அதன் மாடிஃபையபிள் அமைப்பை நிறுத்தி வைக்கிறது. குறுகிய பஃபர் இன்னும் பின்னணியில் உயிரோடு இருந்தால் இந்தப் பூட்டும் தொடரும். பஃபர் பட்டியலைப் பார்த்து அதை மூடுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் மூலத்தில் செட் மாடிஃபையபிள் கொடுங்கள். பூட்டே வேண்டாம் என்று பிளகினிடம் சொல்லும் மாறியும் உண்டு, ஆனால் அதைப் போடாமல் இருப்பதே மேல். பிரதியும் மூலமும் ஒரே நேரத்தில் மாறினால் எந்த வரி எங்கே போய் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிளகின் இல்லாமல் விம்மில் ஒப்பேற்ற முடியுமா?

நன்றாகவே முடியும். ஃபோல்ட்மெத்தட் மேனுவலாக இருக்க வேண்டும். இசட், பெரிய ஈ அழுத்தி பழைய மடிப்புகளைக் கலையுங்கள். வேண்டிய வரிகளை விஷுவலில் தேர்ந்து எஸ்கேப். பிறகு 1 முதல் '<-1 வரை ஃபோல்ட் கட்டளை, '>+1 முதல் $ வரை இன்னொரு ஃபோல்ட். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் உங்கள் பகுதி. இதோடு மேலே சொன்ன ஃபோல்ட்டூஓப்பனைச் சேர்த்தால் வேலியும் கிடைத்துவிடுகிறது. கோப்பை மூடினால் இந்த மடிப்புகள் மறையும். வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மேக்வியூ, திரும்ப எடுக்க லோட்வியூ.

வரியின் ஒரு பகுதிக்குள் மட்டும் ரீப்ளேஸ் என்றால் :'<,'> வரம்பு போதாது. விஷுவலில் நான்கு எழுத்து மட்டும் தேர்ந்திருந்தாலும் அந்த வரம்பு முழு வரிகளையே குறிக்கும். தேடும் சொல்லுக்கு முன் \% போட்டு ஒரு பெரிய வி சேர்த்தால்தான் தேர்வுக்குள் மட்டும் பொருந்தும்.

விஎஸ் கோடில் உண்மையான நேரோயிங் இருக்கிறதா?

எடிட்டரோடு வருவதில் இல்லை. நெருங்கி வருவது ஃபைண்ட் இன் செலக்‌ஷன். ஒரு ஃபங்ஷனில் மட்டும் டோட்டல் என்ற சொல்லைச் சம் என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் முழுவதையும் தேர்ந்து கண்ட்ரோல்+எச் அழுத்துங்கள். ஆல்ட்+எல் தட்டினால் தேர்ந்த வரிகளின் பின்னணி நிறம் மாறி எல்லை நிலைபெறும். ஆல்ட்+டபிள்யூ தட்டி முழுச் சொல் பொருத்தத்தை இயக்குங்கள். மறந்தால் சப்டோட்டலும் மாறிவிடும். பிறகு கண்ட்ரோல்+ஆல்ட்+என்டர். மாறி ஒன்றின் பெயரை மாற்றுவதுதான் நோக்கம் என்றால் இவ்வளவும் வேண்டாம், எஃப்2 அழுத்தி ரீநேம் செய்யுங்கள். கமெண்ட், ஸ்ட்ரிங் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டிய போதுதான் இந்த வழி.

ஒவ்வொரு தடவையும் ஆல்ட்+எல் தட்ட மறந்துபோகிறவர்கள் எடிட்டர் ஃபைண்ட் ஆட்டோ ஃபைண்ட் இன் செலக்‌ஷன் அமைப்பை மல்டிலைன் என்று வையுங்கள். ஒரு வரிக்கு மேல் தேர்ந்திருந்தால் எல்லை தானாக விழும். ஆல்வேஸ் என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஒரு சொல்லைத் தேர்ந்து தேடினாலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்கு மட்டும் போதும் என்றால் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+மைனஸ்: கர்சர் இருக்கும் பகுதி தவிர மற்றதெல்லாம் மடியும். கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+ஜே திரும்ப விரிக்கும். இலக்கணப்படி மடியாத வரிகளைத் தேர்ந்து கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+கமா அழுத்தினால் நீங்களே ஒரு மடிப்பு உருவாக்கலாம். ராட்சத ஜேசன் கோப்பில் பாதிக்குக் கீழே மடிப்புக் குறியே வராவிட்டால் கோப்பில் கோளாறு தேட வேண்டாம். ஃபோல்டிங் மேக்ஸிமம் ரீஜன்ஸ் என்ற வரம்பு இயல்பாக 5000, அதை உயர்த்துங்கள்.

பைத்தான் கோப்புக்குள் ஸ்ட்ரிங்காக நீளமான எஸ்கியூஎல் இருக்கிறது. அதை மட்டும் எஸ்கியூஎல்லாகத் திருத்த வழி உண்டா?

ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் இது மிக நன்றாக வேலை செய்யும். ஸ்ட்ரிங்கில் கர்சரை வைத்து ஆல்ட்+என்டர் அழுத்தி, இன்ஜெக்ட் லாங்வேஜ் வழியாக எஸ்கியூஎல்லைத் தேருங்கள். மறுபடி ஆல்ட்+என்டர் அழுத்தினால் அந்தத் துண்டைத் தனி எடிட்டரில் திறக்கும் வாய்ப்பு வரும். அங்கே எழுதுவது மூலத்தில் உடனுக்குடன் பதியும்.

ஈமேக்ஸில் எடிட்-இண்டைரக்ட் என்ற தொகுப்பு. பகுதியைத் தேர்ந்து திறந்தால் தனிப் பஃபர், அதில் எஸ்கியூஎல் மோடைப் போட்டுக்கொள்ளலாம். கண்ட்ரோல்+சி இரண்டு தடவை அழுத்தினால் மாற்றம் மூலத்துக்குப் போகும். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+கே அழுத்தினால் ரத்து. விம்மில் நேரோ ரீஜன் ஜன்னலிலேயே ஃபைல்டைப்பை எஸ்கியூஎல் என்று மாற்றினால் போதும். மேற்கோள் குறிகளைத் தேர்வில் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் மொத்த வினவலும் ஒரே ஸ்ட்ரிங் நிறத்தில் தெரியும்.

குறுகிய ஜன்னலில் நிறங்கள் தப்பாக வருகின்றன, லாங்வேஜ் சர்வர் இல்லாத பிழைகளைக் காட்டுகிறது. ஏன்?

பிரதி எடுக்கும் பிளகின்களுக்கே உரிய நோய் இது. நிறம் பூசும் பகுதிக்குக் கோப்பின் தொடக்கம் தெரியாது. பல வரிக் கமெண்டின் நடுவிலிருந்து வெட்டி எடுத்தால் கமெண்டின் மீதி வரிகளைக் கோடாக நினைத்து நிறம் போடும். பின்னணியில் கோடைப் படித்துப் பிழை காட்டும் லாங்வேஜ் சர்வருக்கோ இம்போர்ட் வரிகள் கண்ணில் படாது, அறிமுகமில்லாத பெயர்கள் என்று வரிசையாக அடிக்கோடு போடும், அல்லது அந்தப் பஃபர் கோப்பே அல்ல என்று சும்மா இருக்கும். பிரேக்பாயிண்ட் வைக்கும் வேலையையும் அங்கே செய்யாதீர்கள், வரி எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வெட்டும்போது முழு ஃபங்ஷனாக வெட்டுங்கள். சர்வரின் உதவி வேண்டிய திருத்தத்தை மூலப் பஃபரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபங்ஷனை மட்டும்தான் தொட்டேன். டிஃபில் கோப்பு முழுவதும் மாறியிருக்கிறதே?

காரணம், சேவ் செய்யும்போது ஓடும் ஃபார்மேட்டர் (கோடின் இடைவெளி, வரி அமைப்பைச் சீராக்கும் கருவி). அது எந்த எல்லையையும் மதிப்பதில்லை. விஎஸ் கோடில் ஃபார்மேட் ஆன் சேவ் மோடை மாடிஃபிகேஷன்ஸ் என்று மாற்றினால் திருத்திய வரிகளை மட்டும் தொடும். ஆனால் அதற்கு கோப்பு கிட்டில் இருக்க வேண்டும், ஃபார்மேட்டருக்கும் பகுதியளவு ஃபார்மேட் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இல்லை என்றால் தானியங்கியை நிறுத்திவிட்டு, தேர்ந்த வரிகளுக்கு மட்டும் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எஃப்.

லைம்லைட், டுவைலைட் இரண்டில் எது?

கோடுக்கு டுவைலைட். லைம்லைட் காலி வரிகளை வைத்துப் பத்தி பிரிக்கிறது. கட்டுரை எழுத அது சரி; ஃபங்ஷனுக்குள் ஒரு காலி வரி விட்டிருந்தால் பாதி ஃபங்ஷன் மங்கிவிடும். நியோவிம்முக்கான டுவைலைட், கோடின் கட்டமைப்பைப் பகுத்துச் சொல்லும் ட்ரீசிட்டரைக் கேட்டு ஃபங்ஷன், இஃப் போன்ற கட்டமைப்பின் எல்லை வரை வெளிச்சம் விடும். இயல்பாக மங்கல் அளவு 0.25, சுற்றிலும் 10 வரி. 0.25 சிலருக்குக் கிட்டத்தட்ட இருட்டு; 0.5 வைத்துப் பாருங்கள், மேலே உள்ள ஃபங்ஷனின் பெயராவது படிக்க வரும்.

லைம்லைட் போட்டதும் நிறத் தொகுப்பு ஆதரிக்கப்படவில்லை என்று வந்தால், உங்கள் தீமில் நார்மலுக்கு நிறம் குறிக்கப்படவில்லை என்று பொருள். லைம்லைட் கன்சீல் சிடெர்ம்எஃப்ஜி மாறியில் 240 போன்ற சாம்பல் எண்ணைக் கொடுத்தால் தீரும்.

கோயோவை விட்டு வெளியே வந்ததும் என் நிறங்கள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகின்றன.

வெளியேறும்போது கோயோ கலர்ஸ்கீமை மறுபடி ஏற்றுகிறது. நீங்கள் அமைப்புக் கோப்பில் தனியாக எழுதிய ஹைலைட் வரிகள் அதில் அடிபட்டுப் போகின்றன. அவற்றைக் கலர்ஸ்கீம் நிகழ்வுக்கான ஆட்டோகமாண்டுக்குள் வையுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் தானாகத் திரும்ப ஓடும்.

ஸ்க்ரீன் ரீடர் வைத்துக் கோடு கேட்பவருக்கு இவற்றில் எது உதவும்?

மங்கலாக்கும் பிளகின்கள் ஒன்றுக்கும் உதவாது, ஒலியில் மங்கல் கிடையாது. எல்லை கட்டுவதுதான் பயன் தரும்: ஃபங்ஷனின் முடிவுக்குப் போ என்றால் கர்சர் அங்கேயே நிற்கும், கீழே அடுத்த ஃபங்ஷனுக்குள் வழுக்கிப் போகாது. ஈமேக்ஸில் டி-யும் டபிள்யூ-வும் மட்டும் பழகினாலே இது கிடைத்துவிடும். எல்லை இருக்கிறதா என்று கேட்டறிய வாட்-லைன் கட்டளை: பதிலில் இரண்டு எண் வந்தால் நேரோ நிலையில் இருக்கிறீர்கள்.